கடும்வெட்டு

மழை வந்தால் எங்கள் எஸ்டேட்டில் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான். மரம் நனைந்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது. வெட்டுக்காரர்கள் அன்றைக்குக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு வானத்தைத் திட்டுவார்கள். நானோ ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்து, இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும் கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டிருப்பேன். பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் போடும்படி இருட்டினால்தான் எங்கள் முதலாளி அறையை விட்டு வெளியே வருவார்.

முதலாளியின் பெயர் சுயம்புலிங்கம். பறக்கைப் பக்கம் வயற்காட்டுச் சைவக் குடும்பம். திற்பரப்புக்கு மேலே மலைச்சரிவில் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு இந்த ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். பார்த்தால் நாற்பது வயது சொல்லலாம். பிறந்தது 1868-இல். அவர் ரத்தம் குடிக்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசி வரை மறைத்து வைத்துத் திடுக்கிட வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் ஜெஸ்பின். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக என் அம்மா நேசபாய் வாராவாரம் சபையில் ஜெப விண்ணப்பம் எழுதிப் போடுகிறாள். பதினொரு வருஷமாக நான் சுயம்புலிங்கம் சாருக்குச் செக்ரட்டரி. கடிதம் அடிப்பது, போன் பேசுவது, வெயிலில் நின்று பேச வேண்டிய எல்லாரிடமும் அவருக்குப் பதிலாகப் பேசுவது என் வேலை. இதெல்லாம் போக, வானிலை பார்த்துச் சொல்ல வேண்டும். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்கு அடுத்த, ஜன்னல் இல்லாத அறையில் அவர் இருப்பார். "மூணு மணிக்கு மேல நல்லா கறுக்கும் சார்" என்று கதவில் தட்டிச் சொல்லிவிட்டு வருவேன். உள்ளேயிருந்து "செரி மக்ளே" என்று வரும். தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைக்கிற மாவட்டம் இதுதான் என்று விசாரித்துத்தான் அவர் இந்த மலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது வருஷம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதுவும் சொந்த மூளையால் அல்ல. துபாயில் நர்ஸாக இருக்கும் என் தங்கை ஷைஜா, பொழுது போகட்டும் என்று ஜப்பான்காரர்களின் படக்கதை ஒன்றைப் போனில் அனுப்பியிருந்தாள். மாங்கா என்று பெயர். "என்னத்தட்டி அப்பிடி உத்துப் பாக்குதே?" என்று அம்மா கேட்டாள். "மாங்கா படிக்கேன்" என்றேன். "உப்பும் மொளகுபொடியும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கதையில் ஒரு ஆபீஸ், ஒரு செக்ரட்டரி, ரத்தம் குடிக்கிற முதலாளி. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் நான் நம் வழக்கப்படி படித்ததால், ஒவ்வொரு பக்கத்திலும் முத்தம் முதலில் வந்தது, சண்டை பிறகு வந்தது. ஆனாலும் அடையாளம் எல்லாம் தெளிவாக விளங்கியது. வெயிலில் வரமாட்டான். சோறு தின்னமாட்டான். கண்ணாடியில் தெரியமாட்டான். மறுநாள் மழை இருட்டில் ஆபீசில் உட்கார்ந்து மீதியையும் படித்து முடித்து, போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சார் எதிரே உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடியில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் தலை சீவியிருக்கிறேன். நல்ல செக்ரட்டரி!

"சார், நீங்க கண்ணாடியில தெரியேல்ல."

"தெரியாது மக்ளே."

"எப்பத்துலேருந்து?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கோட்டயம் கடுதாசிய அடிச்சாச்சா?"

அடித்துவிட்டேன் என்று சொன்னேன். பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. மறுநாள் கழுத்துச் சிலுவையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். "எதுக்குச் செயினக் கழட்டின? சிலுவையும் ஒண்ணும் செய்யாது, வெள்ளப்பூண்டும் ஒண்ணும் செய்யாது. வெயிலு ஒண்ணுதான்" என்றார். படக்கதையில் வருகிற முதலாளி வெள்ளைவெளேரென்று கறுப்புக் கோட்டு போட்டிருப்பான். எங்கள் சார் மாநிறம், நாலுமுழ வேட்டி, நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. மேலெல்லாம் புகைப்புரை வாசனை. கதையில் வந்தவனை விட இவர்தான் அழகு என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அவர் சைவம் என்றேன் அல்லவா, அது விளையாட்டுப் பேச்சில்லை. மழைநாள் மதியத்தில் நான் சாளை மீன் கறி டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். "ஆட்டுரத்தம் குடிச்சா போராதா சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சீ! கொன்னதத் தொட மாட்டேன். பாலுக்காகப் பசுவக் கொல்லுகோமா? பாலு சைவம்லா? மனுஷன் மனசோட தாறதும் அப்பிடித்தான்" என்றார். தோட்டத்தில் பன்னிரண்டு வெட்டுக்காரக் குடும்பங்கள் உண்டு. அவரோடு ஆரம்பத்திலேயே வந்தவர்கள். ஒவ்வொருவரும் முறை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருதடவை, ஊசியில் எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். யாருக்கு எப்போது முறை என்று பட்டியல் போடுவதும் நான்தான். அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க எட்டு வருஷமாக முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து என் பெயரை மட்டும் அடித்துவிடுவார். காரணம் சொல்லமாட்டார்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. அவமானம் என்று மட்டும் சொன்னால் பொய். ஆசையாக இருந்தது. மழைநாளில் எதிரெதிரே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஓட்டுக்கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவர் குரல் கேட்காது. குனிந்து பக்கத்தில் வந்து சொல்வார். அதற்காகவே நான் பலதடவை "என்னது சார்?" என்று கேட்டிருக்கிறேன். ஒருநாள் பேப்பர் மாட்டிக்கொண்ட எரிச்சலில் "இந்தச் சவம் பிரிண்டர்" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் வாயைத் திறந்தால் சவம்தானே வருகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "அது எதுக்குப் பிள்ளே சவம்? நான் இங்க இருக்கும்போ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கு நான் பதினொரு வருஷமல்ல, இன்னொரு பதினொரு வருஷமும் மழைக்குக் காத்திருக்கத் தயார்.

போன ஐப்பசியில் ஒருநாள் அவர் ஒரு ஒப்பந்தம் சொன்னார், நான் அடித்தேன். 'மேற்படி தோட்டத்தில் நிற்கும் மரங்கள் அனைத்தையும் பத்மகுமார் என்பவருக்குக் கடும்வெட்டுக்கு விட்டு...' அந்த வார்த்தையில் என் விரல் நின்றுவிட்டது. முறையான வெட்டு என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டையை மட்டும் மெல்லச் சீவுவது. கத்தி உள்தடியில் படக் கூடாது. பட்டால் மரத்துக்குக் காயம். கடும்வெட்டில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. மரத்துக்கு வயசாகிவிட்டது, இனி அறுத்துவிடப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகு, மேலும் கீழும் கண்ட இடத்தில் வெட்டி, உள்ள பாலை எல்லாம் வடித்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மரம் அறுக்கிற வாள்தான்.

"சார், அப்பொ நீங்க?"

"மார்கழி கழிஞ்சதும் போறேன். ஒரு எடத்துல ஒரு தலமொற மரம். அதுக்கு மேல நின்னா ஆளுகளுக்குச் சந்தேகம் வந்திரும். இப்பமே ஆதார்ல அறுபத்திச் சொச்சம், மொகத்துல நாப்பது."

"எங்க போறீய?"

"சிரபுஞ்சி. மழைக்குப் பஞ்சமில்லாத ஊருல்லா."

"டிசம்பர்லேருந்து பிப்ரவரி வர அங்க மழையே கிடையாது. நல்ல வெயிலாக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பகல்ல உறங்கிக்கிடுவேன் மக்ளே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவரிடம் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. வானிலையைக்கூடப் பேப்பரில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். என்னை வரச்சொல்லிக் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. பதினொரு வருஷம் மனுஷனுக்கு வானத்தைப் பார்த்துச் சொன்னவளை விட்டுவிட்டு எப்படிப் போக முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவர் இல்லாத இடத்தில் மழை பெய்து என்ன, வெயில் அடித்து என்ன?

மார்கழி முதல் வாரம் கடலில் ஏதோ புயல் சின்னம் உருவாகி இரண்டு நாள் விடாமல் பெய்தது. இதுதான் கடைசி மழை என்று எனக்குத் தெரியும். மத்தியானம் அவர் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு மக்ளே."

"மொதல்ல இந்த மக்ளே வேண்டாம். பஸ் கண்டக்டரும் என்னய மக்ளேன்னுதான் கூப்பிடுகான்."

சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"என்னயும் கடும்வெட்டு வெட்டுங்க."

கையில் இருந்த பேனாவை அவர் மேஜையில் வைத்தார். "என்ன பேச்சு பேசுகே நீ?"

"தெரிஞ்சுதான் பேசுகேன். மொத்தமா எடுத்துட்டா நானும் உங்கள மாதிரி ஆயிருவேன்லா. பொறவு உங்ககூட எங்கயும் வரலாம். கதையில அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அந்த மாங்காயிலயா?"

"ஆமா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நானும் உன்ன மாதிரி எழுத்துவேல பாத்தவன்தான். அசம்பு மலையில காப்பித்தோட்டம் வச்சிருந்த ஒரு தொரைக்கு ரைட்டரு. ஒம்பது வருஷம் அவருக்க கடுதாசி எல்லாம் நான்தான் எழுதினேன். ஒருநா கூப்பிட்டு, இந்தக் கையெழுத்து எனக்கு வேற ஆருகிட்டயும் கிட்டாதுன்னாரு. அதுக்காக்கும் என்னய இப்பிடி ஆக்கினது. ஒரு நல்ல கையெழுத்துக்கு. வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போற வர நாப்பது வருஷம் அவருக்கு எழுதினேன். சாகவும் முடியாது, வேலைய விடவும் முடியாது."

"உங்ககிட்ட அவரு கேட்டாரா?"

"கேக்கேல்ல."

"இங்க நான்தான் கேக்கேன். ரெண்டும் ஒண்ணா?"

அவர் குனிந்தபடியே சொன்னார்.

"கடும்வெட்டுங்கது, இந்த மரம் இனி வேண்டாம்னு முடிவு பண்ணின பொறவு வெட்டுகது. உன் காரியத்துல நான் அப்பிடி ஒரு முடிவு பண்ணேல்ல. பண்ணவும் மாட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் வாயிலிருந்து வரக்கூடிய காதல் வார்த்தை இவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்துகொண்டு சும்மா வீட்டுக்குப் போகிற ஆள் நான் இல்லை.

"அப்பொ சாதா வெட்டு. ஒரே ஒரு தடவ. அந்தப் பட்டியல்ல எம்பேர மட்டும் என்னத்துக்கு அடிச்சீய? பன்னிரண்டு வீட்டு ரத்தமும் நல்லது, என் ரத்தம் மட்டும் ஆகாதா?"

"உன்கிட்ட டம்ளர்ல வாங்கிக் குடிக்க எனக்கு மனசு வரேல்ல. நேரா குடிக்கப் பயமா இருந்துது."

"எனக்கில்லாத பயம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"நேரா உடம்புலேருந்து குடிச்சா, அந்த ஆளுக்க நெஞ்சடிப்பு எங்காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். எத்தன தூரம் போனாலும் கேக்கும். ஒரே ஒருத்திகிட்ட அப்பிடிக் குடிச்சிருக்கேன். எம்பெண்டாட்டி அழகம்மை. தொர என்னய இப்பிடி ஆக்கினதும் பசியோட வீட்டுக்குப் போனேன். விஷயத்தக் கேட்டுட்டு அவளே கைய நீட்டினா. பொறவு நான் மலையில, அவ பறக்கையில. முப்பத்திமூணு வருஷம் அவ நெஞ்சு எனக்குக் கேட்டுது. அவ உறங்குகது தெரியும், படியேறுகது தெரியும், ஆரிட்டயோ சண்ட போடுகது தெரியும். தொள்ளாயிரத்தி நாப்பத்தொண்ணு தை மாசம் ஒரு வெள்ளிக்கிழம காலம்பற நின்னுபோச்சு." அவர் தன் வலது காதைத் தொட்டுக்கொண்டார். "இன்னொருக்க அது நிக்கதக் கேக்க என்னால முடியாது."

அந்த அழகம்மை மேல் எனக்குப் பொறாமை வந்தது. செத்து எண்பத்துச் சொச்சம் வருஷமான ஒருத்தி மேல் பொறாமை! அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவம் என்று தெரிந்தால் விட்டுவிடுகிறவள் நல்லவள். நான் விடவில்லை.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆயுசு கூடுதலாக்கும்" என்றேன். "அம்மாவுக்க அப்பா தொண்ணூத்திநாலு. கொறஞ்சது நாப்பத்தஞ்சு வருஷம் கேக்கும். நிக்கப்போற ஒரு நாளுக்குப் பயந்து இத்தன வருஷத்த வேண்டாம்னு சொல்லுகீயளா?"

இடது கையை மேஜை மேல் வைத்தேன். வலது கை டைப் அடிக்க வேண்டும். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருஷத்தில் முதல்தடவையாக என்னைத் தொட்டார். விரல் குளிர்ந்து கிடந்தது. மணிக்கட்டைத் திருப்பி, நல்ல வெட்டுக்காரன் புது மரத்தில் முதல் வெட்டுக்கு இடம் பார்ப்பது மாதிரி பெருவிரலால் தடவிப் பார்த்தார். வலித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வாய்தான் குடித்திருப்பார். அரிசி அளவுக்கு ஒரு காயம். என் கைக்குட்டையால் அதைக் கட்டிவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கேக்குதா?"

"ம்."

"எப்பிடி இருக்கு?"

"ரொம்ப வேகமா அடிக்கு."

"நீங்க இப்பம்தான் கேக்கீய. பதினொரு வருஷமா அது அப்பிடித்தான் அடிக்கு."

தை முதல் வாரம் ஒரு சாயங்காலம், பொழுது அடைந்ததும் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. போன் நம்பர் கிடையாது, விலாசம் கொடுக்கவில்லை. பத்மகுமாரின் ஆட்கள் ஏணியைச் சாத்தி மேலும் கீழும் மரத்தைக் கொத்த ஆரம்பித்தார்கள். எனக்கு அதே ஆபீஸ், அதே நாற்காலி. எதிர் நாற்காலியில் பத்மகுமார் உட்கார்ந்து நாள் முழுக்க வெக்கையில் வியர்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன். அலமாரிக் கண்ணாடியில் அவருடைய வழுக்கை தெரிந்தது. பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிப்ரவரி மாதம் ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து மலை மொட்டையாகக் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் கீழே ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பேப்பரை மறந்துவிட்டு இறங்கிப் போனவள், அதை எடுக்க ரோட்டிலிருந்து ஆபீசுக்கு ஏறுகிற நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்தேன். மேலே வந்ததும் மூச்சு வாங்கிற்று, நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்போதுதான் உறைத்தது, இது அவருக்குக் கேட்குமே! அந்த வெயிலில் நின்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படாமல் சிரித்தேன்.

மறுநாள் எந்த லாரியும் வரவில்லை. ஆனாலும் அதே பன்னிரண்டரைக்கு இறங்கிப் போய் ஓடி ஏறி வந்தேன். அதற்கு மறுநாளும் ஓடினேன். "மேடம் வெயிட்டு கொறைக்கீயளா?" என்று பத்மகுமார் கேட்டார். "சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷைஜாவிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக அவருடைய கடிதங்களை ஊருக்கெல்லாம் அனுப்பியவள் நான். இப்போது முதல்தடவையாக அவருக்கே ஒன்று அனுப்புகிறேன். போய்ச் சேர்கிறதா என்று மட்டும் தெரியாது. சில நாள் படி உச்சியில் நின்று, வடக்குப் பக்கம் பார்த்து, "கேக்குதா?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். வெயில்தான் சுள்ளென்று அடித்தது.

நேற்று ஒரு தபால் கார்டு வந்தது. முத்துமுத்தான கையெழுத்து, இத்தனை வருஷத்தில் அவருடைய கையெழுத்தாக நான் பார்த்தது கடிதத்துக்குக் கீழே போடுகிற ஒப்பம் மட்டும்தான். ஆபீஸ் கடிதம் மாதிரியே எழுதியிருந்தார்.

'ஜெஸ்பினுக்கு. தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்கு நீ படி ஏறுவது தெரிகிறது. இங்கே நீ சொன்னபடியே நல்ல வெயில். அது நான் உறங்குகிற நேரம். ஒவ்வொரு நாளும் விழித்துவிடுகிறேன், அதற்குப் பிறகு உறக்கம் வருவதில்லை. இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஓடவும். ஓடாமல் இருந்துவிட வேண்டாம். சுயம்புலிங்கம்.'

நாலு தடவை படித்தேன். கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. சரி, ஆறு மணிக்கு ஓடலாம், நேரத்தை மாற்றிக்கொடுப்பது எனக்குப் புதிய வேலையா என்ன என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே கால். நான் ஒரு படிகூட ஏறவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. ஆனால் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கண்ணை மூடி ஜெபம் பண்ணிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினேன். எதற்கும் அது அடங்குகிற வழியாக இல்லை. அங்கே அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார்.